மூன்றாம் பிரதிவாதியின் தலை

கோயில் மரியாதை பற்றிய சட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்த எனக்கே கோயில் மரியாதை வழக்கில் சம்மன் வந்தது. புதுக்கோட்டையில் நான் தங்கியிருந்த அறைக்கு வந்த கோர்ட் அமீனா, "கையெழுத்துப் போடுங்க சார். நீங்க மூணாம் பிரதிவாதி" என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. ஆய்வேடு முடியும் தறுவாயில் இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில், 'மரியாதை வெறும் ஆசாரம். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை' என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. தெரியாத விஷயமே கிடையாது.

1. பரிவட்டம்

நடந்தது இதுதான். கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அய்யனார் கோயில் திருவிழா. சாமிக்குச் சாத்திய துணியை ஊரின் முதல் ஆள் தலையில் பூசாரி கட்டுவார். அதுதான் பரிவட்டம். அந்த முதல் ஆள் மேலவீட்டுக் கருப்பையாவா, கீழவீட்டு வீரப்பனா என்று இரண்டு பங்காளிகளுக்கும் தலைமுறைச் சண்டை. குறிப்பெடுக்கப் போன நான் நோட்டும் கையுமாக இருவருக்கும் நடுவில் நின்றேன்.

பூசாரி துணியோடு வந்து அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். இரண்டு பக்கமும் முறைத்தார்கள். "சார், கொஞ்சம் தலையக் குனிங்க" என்றார். குனிந்தேன். கட்டிவிட்டார்.

விருந்தாளிக்குச் செய்யும் உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். ஊரே ஏன் வாயடைத்து நின்றது என்று யோசிக்கவில்லை. கருப்பையா கேஸ் போட்டுவிட்டார். வீரப்பன் முதல் பிரதிவாதி, பூசாரி இரண்டாவது, நான் மூன்றாவது.

2. ஆகாமயா போயிரும்?

என் பேராசிரியர் சம்மனைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கேஸ்ல கட்சிக்காரரா இருக்கிறவர் எழுதுற ஆய்வை யாருய்யா நம்புவா? மொதல்ல அதுலேருந்து வெளிய வாங்க. அப்பறம் கையெழுத்துப் போடுறேன்." அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த மாதம் விரிவுரையாளர் இன்டர்வியூவுக்குப் போகவே முடியாது.

கருப்பையா வீட்டுக்கு ஓடினேன். "ஐயா, எனக்கு மரியாதையே வேண்டாம். எழுதிக் கொடுத்துவிடுகிறேன்."

"நீங்க வேணாம்பீங்க சார். நாளைக்கு ஒங்க மகன் வந்து நின்னா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க!"

"ஆகாமயா போயிரும்?" என்று மோர் கொடுத்தார். "எழுதுறதுன்னா மேலவீட்டுக்கு விட்டுக்குடுத்தேன்னு எழுதுங்க."

கீழவீட்டுக்குப் போனேன். வீரப்பனும் அதையேதான் சொன்னார், கீழவீட்டுக்கு என்று. மோரும் கொடுத்தார்.

3. முன்சீப் கேட்ட கேள்வி

கோர்ட்டில் முன்சீப், "பரிவட்டம் ஒங்க உரிமைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அதனால் ஒரு பயனும் இல்லை என்று ஆய்விலேயே எழுதியிருக்கிறேன்."

"அப்படியா? பின்னே எதுக்கு சார் தலையக் குனிஞ்சீங்க?"

சட்டப் புத்தகங்களை எல்லாம் மனதுக்குள் புரட்டினேன். ஒன்றும் கைகொடுக்கவில்லை. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். "நல்லா இருந்துச்சுங்க. துணியைக் கட்டினதும் நெஞ்சு நிமிர்ந்திருச்சு. அவிழ்க்க மனசு வரலை. ரூமுக்கு வந்து கண்ணாடியில பார்த்தேன். இன்னும் பெட்டியிலதான் இருக்கு."

கோர்ட்டே சிரித்தது. கருப்பையா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கைகூப்பினார். "அதுக்குத்தாங்க ஐயா, எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கோர்ட்டுக்கு நடக்குறோம். ஒத்த நாள் கட்டுனவருக்கே இப்படி இருக்குல்ல?"

எதிர்ப்பக்கத்திலிருந்து வீரப்பன், "அப்படிச் சொல்லுங்க சித்தப்பா!" என்றார். அவர் கருப்பையாவை அப்படிக் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன என்று பூசாரி பிறகு சொன்னார்.

முன்சீப் என் பெயரை மட்டும் நீக்கினார். வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

அன்றே மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டு, மரியாதையில் என்ன இருக்கிறது என்று புதிதாக எழுதினேன். பேராசிரியர் படித்தார். "நல்லாருக்கு. ஆனா இதுக்கு ஆதாரம் எங்க? எந்தத் தீர்ப்பு, எந்த நூல்?"

பேனாவை வாங்கி அடிக்குறிப்பில் எழுதினேன்: 'ஆய்வாளரின் தலை.'

கையெழுத்துப் போட்டார்.

இளைய ஆய்வாளர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஒரு விஷயத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதுவதற்கு முன்னால், ஒருமுறை தலையைக் கொடுத்துப் பாருங்கள்.