தலை கவனம்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: நான். மனைவி. பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள். மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான். அவன் ஞாயிறு தவறாமல் சாப்பிட வருவான். பிறகு கீழே, எங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த பிள்ளை.

அந்தப் பிள்ளை எங்கட ஆள் இல்லை. கறுப்பினப் பிள்ளை. ஊர் கிழக்குக் கரையில் ஹலிஃபாக்ஸ் பக்கம். வயது இருபது. என்னைவிட ஒரு சாண் உயரம். நடனக்காரி.

அந்தக் குளிர்காலம் ஒரு நடனக் கொம்பனி எங்கள் பக்கத்துக் கொம்யூனிற்றி சென்ரரில் வந்து தங்கி வேலை செய்தது. ரெசிடென்சி என்று சொல்லுவார்கள். தங்கள் ஆட்டத்தையும் செய்துகொண்டு, வெளியில் இருந்து ஆறு இளம் பிள்ளைகளையும் எடுத்துப் பழக்கினார்கள். மார்ச் முடிவில் ஒரு ஆட்டம். அதற்குப் பிறகு ஆறு பேரில் ஒரு ஆளைக் கொம்பனிக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு.

இவளுக்கு வீடு என்றால் தாய் வேலை செய்கிற முதியோர் இல்லம். அங்கே இவளுக்கும் ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். போனால் பிறகு ஆட்டம் இல்லை. முதல் நாளே அதைச் சொன்னாள். மகள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள். என்னுடைய இங்கிலிஷ் வேலைத்தலத்து இங்கிலிஷ். தூக்கு, வை, கவனம், முடிஞ்சுது. அவ்வளவுதான்.

வந்தபோது ஆறு பேரில் கடைசி வரிசையில் நின்றாளாம். டிசம்பர் நத்தாருக்குள் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். ஒருநாள் குசினியில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். முதல் மாதம் தூக்கின கை வேறு, இது வேறு. எனக்கே தெரிந்தது.

டோர்செட் பார்க்கில் எங்கள் வீடு பழைய வீடு. பேஸ்மென்றின் கூரை பதிவு, கையை நீட்டினால் முட்டும். படி இறங்கினவுடன் சூட்டுக்காற்றுக் குழாய் குறுக்கே ஓடுகிறது. அதைப் பலகையால் மூடிப் பெட்டியாக அடித்து வைத்திருக்கிறேன். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆர் கீழே இறங்கினாலும் மேலே நிற்கிறவர் "தலை கவனம்" என்று சொல்ல வேண்டும். பூசைக்கு வந்த ஐயருக்கும் சொன்னோம். காஸ் மீற்றர் பார்க்க வந்த வெள்ளைக்காரனுக்கும் சொன்னோம். அவன் விளங்காமல் இடித்துக்கொண்டு போனான்.

அவள் முதலில் பழகின தமிழ் அதுதான். எங்களைக் கண்டால் வணக்கத்துக்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டு "தலை கவனம், அங்கிள்" என்பாள்.

சென்ரரில் அவர்களுக்கு நாலு மணியோடு இடம் முடிந்துவிடும். பிறகு பற்மின்ரன் ஆட்கள் வந்துவிடுவார்கள். இவள் வீட்டுக்கு வந்து பின்னேரம் முழுக்கக் கீழே பழகுவாள். நிலத்தில் உருளுவாள், சுற்றுவாள், குந்தியிருந்து எழும்புவாள். குதிக்க ஏலாது, தலை முட்டும்.

அந்த ஞாயிறு மனைவி அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வந்து இருந்தாள். சோற்றில் கை வைக்கவில்லை. மகள் கேட்டாள். கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஷீ இஸ் நொட் ஓகே. வெள்ளிக்கிழமை அந்தக் கொம்பனியை நடத்துற மனுசி கூப்பிட்டுச் சொன்னவவாம், உன்னை இப்பிடியே எடுக்க ஏலாது எண்டு."

"ஏனாம்?"

"ஒவ்வொரு பாய்ச்சலுக்கு முன்னமும் தலையைக் குனியிறாவாம். ஆரோ அடிக்க வாற மாதிரி. ஜனவரியில இருந்து கூடிக்கொண்டே போகுதாம். இன்னும் ரெண்டு கிழமைதான் இருக்கு."

பிள்ளை தானே கதைக்கத் தொடங்கினாள். மெதுவாகச் சொன்னாள், எனக்கும் விளங்கியது. அந்த மனுசி நல்ல மாதிரித்தான் கேட்டாவாம். சின்னனில் வீட்டில் யாரும் அடித்தவர்களா என்று. கதைக்க ஒரு ஆளின் நம்பரும் கொடுத்தாவாம்.

"என்ர அம்மா என்னில ஒரு நாளும் கை வைச்சதில்லை, அங்கிள். கறுப்புப் பிள்ளை குனிஞ்சால் ஆரோ அடிச்சிருக்கோணும். அவைக்கு வேற கதை தெரியாது."

அழவில்லை. எழும்பிச் சோற்றுக் கோப்பையைக் கழுவக் கொண்டு போனாள். குசினி வாசலில் தலையைக் குனிந்து போனாள். அந்த வாசல் ஆறடி எட்டு அங்குலம்.

மச்சான் சிரித்தான். அவனுக்கு வாய் சும்மா இராது.

"அக்கா, உவளும் அத்தானை மாதிரி வந்திட்டாள். அத்தான் கோயில் கோபுர வாசலிலையும் குனிஞ்சுதானே போறவர். ரெண்டு பேரையும் சேர்த்து விட்டால் ஆகாயத்துக்கும் குனிவினம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் அதை அவளுக்கு இங்கிலிஷில் சொன்னாள். அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். மேலே கையை வைத்துப் பார்த்தாள். தலைக்கும் நிலைக்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருந்தது. பிறகு கீழே போகிற படியைப் பார்த்தாள்.

"ஓ," என்றாள்.

மனைவி அன்றைக்கே முடிவெடுத்தாள். "இவள் இனிக் கீழ போகக் கூடாது." மெத்தையை மேலே கொண்டுவந்து ஹோலில், சாமியறைக்குப் பக்கத்தில் போட்டோம். அவளுக்கு வேண்டிய உடுப்பை மகள் போய் எடுத்துவந்தாள். இரண்டாம் நாள் மனைவியின் பெரியம்மா பக்கத்து நகரம் மார்க்கத்தில் இருந்து போன் எடுத்தா. எப்படிக் கேள்விப்பட்டாவோ தெரியாது. ஸ்பீக்கரில் கேட்டது.

"கறுவல் பெட்டையைச் சாமியறைக்குப் பக்கத்தில படுக்க விட்டிருக்கிறியாம்?"

"ஓம் பெரியம்மா. நீங்களும் நானும் என்ன பாலிலையே குளிச்சனாங்கள்?"

போன் வைபட்டது.

மச்சானுக்குக் கலியாண வீட்டு அலங்கார வேலை. மார்க்கத்தில் ஒரு வேர்ஹவுஸ் வைத்திருக்கிறான். கூரை மூன்று ஆள் உயரம். உள்ளே மணவறைத் தூண்கள், ரெஜிபோம் என்கிற நுரைக்கட்டியில் செதுக்கின யானைகள், பிளாஸ்ரிக் வாழைகள். வேர்ஹவுஸ் கதவுத் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"நான் சிரிச்சதுக்குத் தண்டம் எண்டு வையுங்கோ. யானையில மட்டும் கால் படாமல் பாருங்கோ."

எனக்குப் பின்னேர வேலை. விடிய அவளைக் காரில் கூட்டிப் போவேன், சென்ரர் திறக்க முதல். கொங்கிறீற்றில் குதித்தால் முழங்கால் போய்விடும். கலியாண மேடைக்குப் போடுகிற பலகைத் தட்டுகளை மச்சானும் நானும் நிரவிப் போட்டோம். கீழே வெறுமை, மேலே பலகை. நல்லாய்த் துள்ளும் என்றாள்.

முதல் நாள் குதித்தாள். குனிந்தாள்.

அடுத்த நாளும் குனிந்தாள். மேலே அவ்வளவு வெளி. ஒரு புறா பறந்து திரிந்தது. அதற்குக் கீழே அவள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு குதித்தாள். மச்சான் ஏணி வைத்து ஏறி, இரும்பில் பிளாஸ்ரிக் மாலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். "இதைப் பார்த்துக் குதி, பிள்ளை." கண் மாலையில் இருந்தது. தலை தன் பாட்டில் தாழ்ந்தது.

அவள் போனில் வீடியோ எடுத்து எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் பிடரியில் தானே அடித்தாள். கையைப் பிடித்து நிற்பாட்டினேன். மணவறைக் கதிரையில் போய் இருந்தாள். சிவப்பு வெல்வெற் கதிரை. மூச்சு புகைந்தது, அங்கே ஹீற்றர் இல்லை.

"மேல ஒண்டும் இல்லையெண்டு எனக்குத் தெரியும், அங்கிள். கழுத்துக்குத் தெரியேல்லை."

எனக்குக் குனிகிற பழக்கம் பேஸ்மென்றில் வந்ததில்லை. ஊரில் சண்டைக் காலத்துப் பங்கர் குழியில் வந்தது. முப்பது வருடமாகியும் போகவில்லை. இவளுக்கு இரண்டு கிழமையில் எப்படிப் போகும்? அதை அவளுக்குச் சொல்லவில்லை. காரில் ஹீற்றரைக் கூட்டிவிட்டேன்.

கடைசி நாட்களில் போவோம், குதிப்பாள், வருவோம். வீடியோ எடுப்பதை விட்டுவிட்டாள். சாப்பாடும் குறைந்தது. மனைவி முட்டை பொரித்துக் காரில் தந்துவிடுவாள். திரும்பி வரும்போது அப்படியே இருக்கும். ஆட்டத்துக்கு முதல் நாள் தாய்க்குப் போன் எடுத்து, அந்த முதியோர் இல்லத்து வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். ஹோலில்தானே படுக்கை. எல்லாருக்கும் கேட்டது.

ஆட்டத்துக்கு நாங்கள் நாலு பேரும் போனோம். எனக்கு அந்த ஆட்டம் விளங்கவில்லை. ஆறு பேரும் ஒரே நிறத்து உடுப்பு. லைற் வந்து வந்து போனது. இவள் நடுவில் பாய்ந்து பாய்ந்து போனாள். நான் அவள் தலையை மட்டும் பார்த்தேன். குனிந்த மாதிரியும் இருந்தது, குனியாத மாதிரியும் இருந்தது. இருட்டு.

வெளியில் வந்தவுடன் கேட்டேன்.

"குனிஞ்சனியோ?"

"தெரியேல்லை, அங்கிள். ஒண்டும் ஞாபகம் இல்லை."

செவ்வாய்க்கிழமைக்குள் போன் வரும், வந்தால் எடுத்தாயிற்று, வராவிட்டால் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். திங்கள் வரவில்லை. செவ்வாய் நான் வேலைக்கு லீவு சொன்னேன். ஏன் சொன்னேன் என்று மனைவி கேட்கவில்லை. மத்தியானம் தாண்டியது. பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்தாள். பிள்ளையின் சார்ஜர் கீழேதான் கிடந்தது, அதுவரை பாவித்த மனைவியின் சார்ஜர் அன்றைக்குப் பழுது. வந்த கையோடு மகள் அவளுடைய போனைக் கொண்டுபோய்க் கீழே சார்ஜில் போட்டுவிட்டு வந்தாள். யோசியாமல் செய்த வேலை.

கொஞ்ச நேரத்தில் கீழே போன் அடித்தது.

பிள்ளை கோப்பையை வைத்தாளோ போட்டாளோ தெரியாது. படியில் ஓடினாள். மனைவி கதவடியில் நின்றாள்.

"தலை," என்றாள்.

"கவனம்" வர முதல் சத்தம் கேட்டது. வீடு அதிர்ந்தது.

நான் இறங்கிப் போனேன். கடைசிப் படியில் இருந்தாள். நெற்றியைப் பொத்திய கை விரல்களுக்குள்ளால் இரத்தம் வடிந்தது. நான் அடித்த பலகைப் பெட்டியின் மூலை உடைந்து தொங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

"அங்கிள், நான் குனியேல்லை."

போன் அடித்து ஓய்ந்திருந்தது. மனைவி கோப்பித்தூளைக் கொண்டுவந்து ஒரு பிடி காயத்தில் வைத்து அமத்தினாள். எங்கட ஆட்கள் இரத்தம் நிற்க அதைத்தான் வைப்பது. மகள் கத்தினாள், "அம்மா! நோ!" வைத்தாயிற்று.

எமர்ஜென்சிக்குக் காரை எடுத்தேன். வழியில் மகள் வொயிஸ்மெயிலைப் போட்டாள். அந்தக் கொம்பனி மனுசியின் குரல். நீளமாகப் போனது. எனக்குப் பாதிதான் விளங்கியது. பின்சீற்றில் இரண்டு பெட்டைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதில் மிச்சம் விளங்கியது. எடுத்திட்டினம்.

ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கோப்பித்தூளைக் கழுவினாள். மணந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தாள். துணித்திரைதானே, கேட்டது.

"பயப்படாமல் சொல்லு. ஆரும் அடிச்சவையோ?"

"இல்லை," என்றாள் பிள்ளை. "நான் நிமிர்ந்து போனனான்."

நாலு தையல்.