ஓலைக் கொட்டானில் வந்த கருப்பட்டி

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது நீங்கள்தான். நம் நகர் நலச் சங்கத்தின் செயலாளராக இருந்த நீங்கள். என் கணவரின் இரங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "நேர்மைன்னா அது சார்தான்" என்று உருகி உருகிப் பேசினீர்களே, அதே நீங்கள். அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது.

அவர் வங்கியில் முதுநிலை மேலாளராக இருந்து 2001-இல் ஓய்வு பெற்றார். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, எங்கள் பெண்கள் இருவரையும் படிக்கவைத்து முடித்த பிறகு தாம்பரத்தில் இடம் வாங்க எங்களால் முடியவில்லை. படப்பைக்கு வந்தோம். அப்போது நம் நகரில் பதினோரு வீடுகள்தான். மற்றதெல்லாம் கல் நட்ட மனை. மழை பெய்தால் ஷேர் ஆட்டோக்காரன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். ஆறு மாதத்தில் அவரைச் சங்கத் தலைவராக்கினீர்கள். காலையில் பேத்தியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, தெருவிளக்குக்கும் தண்ணீர் டேங்குக்கும் மனு எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறுவார். ஓய்வு பெற்ற மனிதருக்கு இது தேவையா என்று நான் திட்டுவேன். அவர் காதில் வாங்கமாட்டார்.

தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வங்கிக் கணக்கு இருந்தால்தான் சம்பளம். கணக்குத் தொடங்க வேண்டுமென்றால், அந்தக் கிளையில் ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்து ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்துக்கிடப்பவர்களை இங்கே யாருக்குத் தெரியும்?

உங்களுக்குத் தெரிந்தது. ஒரகடம் சாலையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வரிசையாகப் பத்து அறைகள் கட்டியிருந்தீர்கள். உங்கள் அறையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். வேறு இடத்தில் தங்கியிருப்பவர்கள் வந்து நின்றால், "யாருன்னே தெரியாதவங்களுக்கு எப்படிப்பா போடுறது" என்று அனுப்பிவிடுவீர்கள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை வங்கியில் பார்த்துத்தான் என் கணவர் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். அவரும் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. 'தெரியும்' என்று எழுதிவிட்டுத் தெரியாமல் இருந்தால் அது பொய் என்பார். ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் அவர்கள் அறைக்கே போவார். எங்கே படுக்கிறார்கள், எந்த ஷிஃப்ட், சொந்த ஊர் எது என்று கேட்பார். வீட்டு விலாசத்தை வாங்கி ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போடுவார். ஊரிலிருந்து பதில் வந்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். பெண்கள் தங்கியிருக்கும் இடமென்றால் என்னையும் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார்.

முதலில் எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. கேள்விப்படாத ஊர்களிலிருந்து கார்டுகள் வந்தன. அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஒவ்வொன்றையும் படித்திருக்கிறேன். 'எம் மவதான் சார், பாத்துக்கிடுங்க' என்று ஒன்றில் இருந்தது. அதற்குப் பிறகு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

கையெழுத்துக்காக எதுவும் வாங்கக் கூடாது, டீ கூட, என்பது அவர் கட்டளை. அதை மீறியது நான். உடன்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கணக்குத் தொடங்கிக்கொடுத்த இரண்டாவது மாதம், ஓலைக் கொட்டானில் கருப்பட்டி கொண்டுவந்து கேட்டருகே நின்றாள். அவர் வீட்டில் இல்லை. "எங்கம்மை குடுத்துவிட்டா. சாரு கண்டா ஏசுவாவ, நீங்க வச்சுக்கிடுங்கம்மா" என்றாள். வாங்கிக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை.

பாதியை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேறு எந்த வீட்டுக்கும் கொடுக்கவில்லை. "எங்க கெடச்சுதுக்கா இவ்ளோ நல்ல கருப்பட்டி?" என்று உங்கள் மனைவி கேட்டார். கையெழுத்து வாங்கிய பெண் தந்ததையும், கொட்டான் எவ்வளவு அழகாக இருந்தது என்பதையும் நானேதான் பெருமையாகச் சொன்னேன். டப்பாவை வெறுமனே தரக் கூடாதென்று நாலு எலுமிச்சம்பழம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

பத்து நாள் கழித்து வங்கிக் கிளையிலிருந்து அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் பொருள் வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களுக்குக் கையெழுத்து விற்கிறார் என்று பெயரில்லாத கடிதம் ஒன்று வந்திருந்தது. அவருக்குக் கீழே வேலை கற்றவர்களின் வயதே இருக்கும் மேலாளர் அதைக் காட்டி விளக்கம் கேட்டிருக்கிறார். எதுவும் வாங்கியதில்லை என்று இவர் அடித்துச் சொல்லிவிட்டு வந்தார்.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டார். "ஓலைக் கொட்டான்ல கருப்பட்டி வந்துச்சுன்னு லெட்டர்ல போட்டிருக்கு, அப்படியா?"

"வந்தது" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. அப்படியே வங்கிக்குத் திரும்பிப் போனார். 'நான் சொன்னது தப்பு, என் வீட்டில் வாங்கியிருக்கிறார்கள்' என்று அந்த மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தார். யாராவது செய்வார்களா? இவர் செய்தார். இனிமேல் அவருடைய அறிமுகத்தை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலிருந்து பதில் வந்து, கையெழுத்துக்குக் காத்திருந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் அடுத்த மாதம் உங்கள் அறைக்குக் குடிவந்தார்கள். அவர்களுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

கடிதம் யார் எழுதியது என்று நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. வங்கி அட்டெண்டர், டீக்கடைக்காரர், கடைசியில் அந்தப் பெண்ணையே சந்தேகப்பட்டேன். அவள் ஒருநாள் வந்தபோது முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தினேன். பிறகு அவள் வரவேயில்லை. சமையலறையில், உங்கள் வீட்டுக்குப் போய்வந்த அந்த டப்பாவைத் துடைத்து வைத்த ஒரு மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. கருப்பட்டி வந்ததை அந்தப் பெண்ணுடைய அறைத் தோழிகள் அறிந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கு இவர் கையெழுத்து நின்றால் நஷ்டம். லாபம் யாருக்கு?

அவரிடம் கேட்டேன், யார் எழுதியதென்று தெரியுமா என்று.

"முப்பத்தி நாலு வருஷம் கையெழுத்தையே பாத்துட்டு இருந்தவன்கிட்ட கேக்குறே. சங்க மினிட்ஸ் புக்குல மாசாமாசம் பாக்குற எழுத்துதான்."

"அப்ப போய்க் கேளுங்க."

"டேங்க் வர்ற நேரம். சங்கம் ரெண்டாப் போயிடும். விடு."

அவர் விட்டார். டேங்க் வந்தது. திறப்பு விழாவில் உங்கள் பெயரைக் கல்லில் முதலில் போடச் சொன்னவரும் அவர்தான். தலைவர் பதவியிலிருந்து விலகியபோது 'உடல்நிலை காரணமாக' என்று மினிட்ஸில் எழுதினீர்கள். அவருக்கு அன்று ஒரு தலைவலிகூட இல்லை. காலை நடையில் எதிரே வரும்போதெல்லாம் உங்களுக்கு வணக்கம் சொல்வார். நீங்கள் ஒரு நொடி தாமதித்துத்தான் கையெடுப்பீர்கள். அவருக்குத் தெரியுமென்று உங்களுக்கும் தெரிந்திருந்ததோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அவர் போய்விட்டார். 'கையெழுத்து வித்தவர்' என்று இன்னும் நம் தெருவில் இரண்டு பேர் சொல்கிறார்கள், என் காதுபடவே. அந்தப் பெயரோடு அவரை விட்டுவைக்க எனக்கு இஷ்டமில்லை.

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருவேன். முதலில் நான் மைக்கைப் பிடித்து, கருப்பட்டியை வாங்கியது நான், அவருக்குத் தெரியாமல் வாங்கினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவளையும் கூட்டிவரட்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பிறகு மைக்கை உங்களிடம் தருவேன். இரங்கல் உரை வேண்டாம். கடிதத்தை எழுதினீர்களா, இல்லையா? நம் நகர் முழுக்கக் கேட்கும்படி அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.