கைநாட்டு வைக்காத சாவிக்காரன்

சாவிக்காரத் தம்பி ஜெயித்தது கொஞ்சநஞ்சம் இல்லை. பிறந்த அன்றைக்கே பிழைக்காது என்று ஒதுக்கித் துணியில் சுற்றி வைத்த பிள்ளை அவன். பிழைத்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே ஒரு தொழிலைக் கரைத்துக் குடித்தான். பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் அவன் போட்ட பெட்டிக்கடையை நகராட்சி லாரி மூன்று தடவை தூக்கிக்கொண்டு போனது. நாலாவது தடவை அனுமதியோடு அதே இடத்தில் போட்டான். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி, "கட்டினால் இவரைத்தான்" என்று தன் வாயால் சொல்லும்படி நடந்துகொண்டான். திருட்டு வழக்கில் உள்ளே போனவன், குற்றமற்றவன் என்ற தீர்ப்போடு வெளியே வந்தான். அந்தச் சிறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும், போலீஸ் அவரை எதுவரைக்கும் குற்றப்பத்திரிகை இல்லாமல் வைத்திருக்கலாம் என்ற கெடு தேதியை இப்போது சிறை அதிகாரிகள் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். நீதிபதி அப்படி உத்தரவு போட்டதும் அவன் வழக்கில்தான்.

இந்தக் கடைசியை அவன் வெற்றியென்று ஒத்துக்கொள்ள மாட்டான். அக்கா விடமாட்டாள். "ஜெயிச்சதுன்னா ஜெயிச்சதுதான்டா. உனக்குப் பிரயோஜனப்படலைன்னா ஊருக்குப் படுது" என்பாள்.

அக்கா சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். அடுக்கி வைத்த துணியில் கத்தி ஒரு நூல் பிசகினால் அடுக்கு முழுக்கப் பாழ். ஐந்தாம் வகுப்போடு அவள் நின்றதும் தம்பி பள்ளிக்கே போகாததும் ஒரே காரணத்தால்தான். அப்பா போனபின் அம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள். வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தால்தான் மூன்று பேர் சாப்பிடலாம். தம்பியை ஒரு பூட்டுக்கடையில் விட்டார்கள்.

கை வந்த தொழில் என்பார்களே, அது அவனுக்குத்தான் பொருந்தும். வெறும் சாவித் தகட்டைப் பூட்டுக்குள் விட்டு லேசாக அசைத்து எடுப்பான். தகட்டில் விழுந்த கீறலை வெளிச்சத்தில் பார்த்து அரத்தால் ராவுவான். "எங்க இடிக்குதுன்னு பூட்டே சொல்லும். நாம வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும்" என்பான். பூட்டு அவனிடம் வரவேண்டும், இல்லாவிட்டால் அவன் பூட்டிடம் போகவேண்டும். சோப்பில் அச்செடுத்து வருகிறவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். "வீட்டுக்காரன் எதுக்குடா சோப்பைத் தூக்கிட்டு வர்றான்? குளிக்கப் போறவன் போல" என்று அனுப்பிவிடுவான்.

பக்கத்து நோட்டுப் புத்தகக் கடையில் வேலை பார்த்த பெண்தான் பிறகு அவன் மனைவியானாள். அவனுக்கு எழுதத் தெரியாது என்பது வெகுநாள் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போனவன், பலகையில் 'கடை விற்பனைக்கு' என்று மாட்டிவிட்டுப் போயிருந்தான். எவனோ விட்டுப்போன அட்டை. 'இப்போது வருகிறேன்' என்று நினைத்து மாட்டியிருக்கிறான். திரும்பி வந்தபோது அவள் கேட்டாள்.

"என்னங்க, கடையை விக்கிறீங்களா?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். கொட்டை எழுத்துல."

அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வாங்கறியா?" என்றான். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் நிச்சயமானது என்று அக்கா இன்றும் சொல்வாள்.

ஆனால் கைநாட்டு வைக்கிறபோதெல்லாம் அவன் காது சிவந்துபோகும்.

கல்யாணமாகி நாலாம் வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கடையை மூடிவிட்டு அவனே கூட்டிப் போவான். இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிடுவான். அந்தச் சமயத்தில்தான் ஒரு ஜவுளிக்கடை டிரைவர் பூட்டையே கையில் கொண்டு வந்தான். சாவி தொலைந்துவிட்டது, முதலாளி அனுப்பினார் என்றான். பூட்டு வந்திருக்கிறது, முறை தப்பவில்லை. சாவி செய்து கொடுத்தான். அந்த வாரமே ஜவுளிக்கடை திறந்து கிடந்தது. டிரைவரைக் காணோம். டிரைவர் கிடைக்காததால் போலீஸ் சாவிக்காரனைப் பிடித்தது.

ஸ்டேஷனில் நன்றாகத்தான் பேசினார்கள். டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். "உன்னைச் சாட்சியாத்தான்பா கூப்பிட்டோம். பூட்டு கொண்டு வந்தான், சாவி செஞ்சேன், அவ்வளவுதான் எழுதியிருக்கு. வாசிக்கிறேன், கேட்டுக்க" என்று எழுத்தர் வாசித்தார். வாசித்தது அத்தனையும் உண்மை. பெருவிரலை வைத்தான். காகிதத்தில் இருந்ததோ வேறு. திருட்டுக்கென்று தெரிந்தே சாவி செய்தேன், பங்கு வாங்கினேன் என்று இருந்தது. மறுநாள் நீதிபதி அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் காவலில் வைக்கச் சொன்னார்.

சிறையில் அவனைக் கேலி செய்தார்கள். "பூட்டுக்காரனையே பூட்டிட்டாங்கடா! ஏம்பா, இந்தப் பூட்டு எப்படி?"

"பூட்டு நல்ல பூட்டுதான். சாவி இருக்கிற இடம்தான் சரியில்லை" என்றான் தம்பி. அதன்பிறகு அவனை யாரும் கேலி செய்யவில்லை.

சட்ட உதவி வக்கீலம்மா சின்ன வயசுக்காரி. அக்காவுக்கு விளங்கும்படி சொன்னாள். "அறுபது நாளுக்குள்ள போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணணும்க்கா. பண்ணலைன்னா ஜாமீன் இவர் உரிமை. நீதிபதி தர மாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு. நாம கேட்கணும். கேட்கிறதுக்கு முந்தி அவங்க தாக்கல் பண்ணிட்டா உரிமை போச்சு."

"கேட்டாத்தான் குடுப்பாங்களா? தானா விடமாட்டாங்களா?"

"அழுத பிள்ளைக்குத்தான் பால்க்கா. இந்தக் கோர்ட்டுல அழறதையும் எழுத்துலதான் அழணும். அவர் கை படாத மனுவை வாங்க மாட்டாங்க."

உள்ளே தம்பி ஒரு சபதம் போட்டிருந்தான். இனி எந்தக் காகிதத்திலும் விரல் வைப்பதில்லை. எழுதினால் தன் பேரைத் தானே எழுதுவது. பார்வையாளர் அறையில் நடுவே இரட்டைக் கம்பிவலை. சின்ன எழுத்து அதில் தெரியாது. மனைவி உள்ளங்கையில் பேனாவால் ஒரே ஒரு எழுத்தைப் பெரிதாக எழுதிக்கொண்டு வந்து வலையில் ஒட்டிக் காட்டுவாள். அவன் இந்தப் பக்கம் விரலால் காற்றில் எழுதுவான். அவன் பேரில் நாலு எழுத்து. முதல் எழுத்துக்கு ஒரு பார்வை நாள் போனது. இரண்டாவதுக்கு இன்னொன்று. அடுத்த முறை வர அவளுக்குக் காலில் பலம் இல்லை.

கெடு முடிந்தது. போலீஸ் தாக்கல் செய்யவில்லை. மறுநாள் காலையிலேயே வக்கீலம்மா மனுவோடு அக்காவைக் கூட்டிக்கொண்டு சிறைக்கு ஓடினாள். சிறை அதிகாரி முன்னால் அவன் மனுவில் கை வைக்க வேண்டும், அதிகாரி சான்று எழுத வேண்டும், கோர்ட் மூடுவதற்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சாயங்காலம் தம்பி வீட்டில் இருப்பான். மைப்பெட்டி மேஜைமேல் திறந்து இருந்தது.

தம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வக்கீலம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"ஜாமீன் மனுண்ணா. வாசிச்சுக் காட்டறேன்."

"அன்னைக்கும் வாசிச்சுத்தான் காட்டினாங்க."

அக்கா முன்னால் வந்தாள். "நான் வாசிச்சேன்டா. எழுத்துக்கூட்டி முழுக்க வாசிச்சேன். என்னையுமா நம்ப மாட்டே?"

"உன்னை நம்பறேன்க்கா. இந்த விரலைத்தான் நம்பலை. இது ஒருதரம் என்னைக் காட்டிக் குடுத்த விரல். பேனா குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

அக்கா அவன் பேரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். அவன் முதல் எழுத்தை எழுதினான். இரண்டாவதும் வந்தது. மூன்றாவது கோணியது. நாலாவதில் பேனா காகிதத்தைக் கிழித்தது. அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"இது என்னய்யா, கோழி கிளறின மாதிரி? வரும்போது பதிவேட்டுல கைநாட்டுன்னு இருக்கு. கைநாட்டுக்காரன் கைநாட்டுதான் வைக்கணும். இதுக்கு நான் சான்று எழுத முடியாது."

வக்கீலம்மா பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து வைத்தாள். மைப்பெட்டி அவன் பக்கம் தள்ளப்பட்டது. அக்கா கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில், "உன் பொண்டாட்டி படுத்த படுக்கையா கிடக்கிறாடா பாவி" என்றாள். அவன் கண்ணில் நீர் வழிந்தது. கை முன்னால் வரவில்லை.

"நாலு நாள் குடுக்கா. எழுதிடுவேன். உரிமைன்னு சொன்னீங்களே, நாலு நாள்ல எங்க ஓடிப்போகும்?"

ஓடிப்போனது. மறுநாள் கோர்ட் திறந்ததும் திறக்காததுமாகப் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொடுத்துவிட்டது. வக்கீலம்மா வராந்தா தூணில் சாய்ந்துகொண்டு அழுதாள். பிறகு சாதாரண ஜாமீன் கேட்டுப் பார்த்தாள். பழைய கைநாட்டுக் காகிதத்தைக் காட்டி அதை மறுத்துவிட்டார்கள். வழக்கு விசாரணைக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வருஷக்கணக்காகும் என்றார்கள்.

படுக்கையில் கிடந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்தே தம்பி மனைவி புரிந்துகொண்டாள்.

"வைக்க மாட்டேன்னுட்டாரா, அண்ணி?"

"பிடிவாதக்காரன். பிறந்தப்போவே சாகமாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சவன்தானே."

"அவரைத் திட்டாதீங்க. ஏமாந்தவருக்குத்தானே தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கையை நீட்டச் சொன்னாள். "மீதி ரெண்டு எழுத்து இருக்கு. நான் எழுதறேன், நீங்க கொண்டுபோங்க."

மூன்றாம் எழுத்தை அக்காவின் உள்ளங்கையில் அவள்தான் எழுதினாள். மறுநாள் கம்பெனியில் அக்கா அந்தக் கையைப் பொத்தியபடி, மறு கையாலேயே துணியை நீவி வேலை பார்த்தாள். "என்னக்கா, மருதாணியா?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டதற்கு, "ஆமா, தம்பி பொண்டாட்டி வச்சுவிட்டது" என்றாள். அன்று மாலை வலையில் கையை ஒட்டினாள். தம்பி அந்த எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"இது உன் எழுத்து இல்லையே."

"அவதான் எழுதினா."

"கோடு ஆடுது" என்றான். விரலால் அதைக் காற்றில் எழுதிப் பார்த்தான்.

நாலாம் எழுத்தையும் அப்படியே கொண்டுபோனாள். அவன் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தொட்டு எழுதினான். காய்ந்ததும் மறுபடி எழுதினான். பெயர் நேராக நிற்க ஆரம்பித்த வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. இயந்திரத்தில் இருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டதாம்.

வக்கீலம்மா அலைந்து சில மணி நேர அனுமதி வாங்கினாள். இரண்டு காவலர்கள் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அவள் கால்மாட்டில் நின்று, வழக்கம்போலக் காலைப் பிடித்துவிட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. உடலை ஒப்படைக்கும் ஜன்னலில் இருந்த குமாஸ்தா விலங்கைப் பார்த்தார், காவலர்களைப் பார்த்தார், மைப்பெட்டியைத் தள்ளி வைத்தார்.

"புருஷனா? இங்கே வை."

"பேனா குடுங்க சார்."

"எழுதுவியா?"

"என் பொண்டாட்டி சொல்லிக் குடுத்திருக்கா."

காவலர் ஒருவர் தானாகவே ஒரு கையின் விலங்கைக் கழற்றினார். தம்பி குனிந்தான். 'பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே, நாலு எழுத்தையும் அவசரப்படாமல் எழுதினான். கோடு ஆடவில்லை. பின்னால் நின்ற வரிசையும் பொறுத்திருந்தது. பக்கத்தில் தேதி போடும் இடத்தை அக்கா நிரப்பினாள்: 17 ஆகஸ்ட் 2017, வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான், கெடு தாண்டினால் கிடைக்கிற ஜாமீனை வாயால் கேட்டாலே போதும் என்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது.