இலை உருவிய கம்பு

உடைமரத்தின் இளங்கொப்பை நகத்தால் கீறி, பட்டையை உரித்துக் கடைவாயில் வைத்து மென்றால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு நாக்கின் இரண்டு ஓரங்களும் சுருங்கி, எச்சில் வற்றி, வாய்க்குள் யாரோ சாக்குத் துணியைத் திணித்ததுபோல ஒரு துவர்ப்பு ஏறும். கருவேலம் பட்டையின் துவர்ப்பு பட்டவுடன் பிடிக்கும், சீக்கிரம் விட்டுவிடும். மற்ற ஊர்களில் சீமைக் கருவேலம் என்று சொல்லும் சீமை உடையிலோ துவர்ப்பைவிடப் பச்சை வாடைதான் அதிகம். வெறும் வயிற்றில் மென்றால் குமட்டும். இதெல்லாம் பத்து வயதில் எனக்குத் தெரியும். வாய்ப்பாடு பதினாறுக்கு மேல் இன்றைக்கும் தெரியாது.

யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. முள் குத்திக் குத்திப் படித்த படிப்பு அது. செருப்பில்லாத காலில் நான்கு முள் சேர்ந்து ஏறினால் சங்கஞ்செடி. அதற்குக் கணுவுக்கு நான்கு முள். வெள்ளையாக, ஊசிபோல நீண்டு, எடுக்கும்போது பாதி ஒடிந்து உள்ளேயே தங்கினால் உடை. கருவேலுக்கும் வெள்ளை முள் உண்டுதான். ஆனால் உடையில் மட்டும் நீண்ட வெள்ளை முள்ளுக்கு நடுநடுவே, தூண்டில்போல வளைந்த சிறிய பழுப்பு முள்ளும் இருக்கும். வெள்ளை முள் குத்தும், பழுப்பு முள் பிடித்து வைத்துக்கொள்ளும். இலையைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம். உடையின் இலை கடுகைப் பிளந்து ஈர்க்கில் ஒட்டிய மாதிரி அத்தனை சிறிது, சீமை உடையின் இலை அதைவிட நீளம். இலை இருந்தால் எந்த முட்டாளும் சொல்லிவிடுவான். இலையை உருவிவிட்ட பிறகு சொல்வதுதான் வித்தை. அந்த வித்தையால் என் வீட்டில் ஒருத்தி கெட்டாள்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் பகல் முழுக்க ஓடின. ஊருக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டி எங்கள் குடிசை. அப்பா சங்கு குளித்தவர். ஆழத்தில் இரண்டு காதும் பொத்துச் சீழ் வைத்து, கேள்வியும் போய், வீட்டோடு கிடந்தார். அம்மா உப்பளத்துக்குப் போனாள். அடுப்புக்கும் விற்பதற்கும் விறகு கொண்டுவருவது என் அக்கா லூர்தம்மாளின் வேலை. அவளுக்குப் பதினெட்டு வயது. தோணியில் கொழும்புக்குப் போய்வரும் ஒருவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. பாஸ்கு கழிந்ததும் என்று குறித்திருந்தது.

விறகு கிடைத்தது ஒரு முதலாளியின் உடங்காட்டில். பெண்கள் உள்ளே போகலாம். சீமை உடையை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம், அது அவருக்குத் தொல்லை. உடைமரத்தை மட்டும் தொடக்கூடாது. அது கரி மூட்டத்துக்கு. உடை விறகு புகையாமல் நின்று எரியும், அதனால் எல்லோருக்கும் ஆசை அதன்மேல்தான். நாலு கம்பு சீமை உடைக்கு நடுவில் ஒரு கம்பு உடையை வைத்துக் கட்டுவார்கள். தலைச்சுமைக்காக எல்லா விறகையும் இலை உருவி முள் சீவித்தான் கட்டுவது வழக்கம். சீவிய பிறகு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

காட்டுக்கு ஒரே வழி, முள்வேலியில் விட்டிருந்த ஒரு சந்து. அதைக் "கடவு" என்பார்கள். அந்தக் கடவில் நின்ற காவல்காரரை எல்லோரும் வாச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். மதுரைப் பக்கத்து ஆள், மரம் தெரியாது. ஆனால் தண்டனை தெரியும். உடை வெட்டிப் பிடிபட்ட பெண்ணின் சும்மாட்டைப் பிடுங்கி வீசிவிட்டு, முள் சீவாத உடங்கொப்புகளைக் கட்டி வெறுந்தலையில் ஏற்றி, முதலாளி வீடு வரை இரண்டு மைல் தெருவழியாக நடத்திப்போவார். வழியில் கீழே போட்டால் திரும்பக் கடவிலிருந்து தொடங்க வேண்டும். பெண்கள் அதற்கு "முள்முடி வைக்கிறது" என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்துச் சிரிக்கவும் செய்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் காட்டில் திரிகிறவன். ஒருநாள் வாச்சர் ஒரு கட்டிலிருந்து கம்பு ஒன்றை உருவி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி, கீறி, மென்று, "கருவேல்" என்றேன். அவர் இன்னும் மூன்றைத் தந்தார். மூன்றையும் சொன்னேன். அன்றைக்கு என்னைச் சைக்கிளில் முன்னால் வைத்து ஒரு சுற்று கொண்டுபோனார். மறுநாளிலிருந்து சாயங்காலம் கடவில் அவர் பக்கத்தில் நின்றேன். "வாடா கம்பு டாக்டரு" என்பார். பெண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுமையை இறக்குவார்கள். அதுவரை என் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. என்னால் இரண்டு பெண்கள் முள்முடி சுமந்தார்கள். ஒருத்தி எங்கள் தெருதான். அதற்காக நான் தூக்கம் கெடவில்லை. அக்கா மட்டும் ஒருமுறை, "ஏலே, நாளைக்கு நீ நல்லா வாழணும்லா" என்றாள். திட்டுகிறாளா வாழ்த்துகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஒருநாள் தப்பாகச் சொன்னேன். செபஸ்தி ஆச்சி என்று ஒரு கிழவி. அவள் கட்டிலிருந்து உருவிய காய்ந்த கம்பை உடை என்றேன். கிழவி சண்டைக்கு வரவில்லை. கட்டைப் பிரித்து, அதே கொப்பில் உருவ விட்டுப்போன இலை ஒட்டியிருந்த நுனியை எடுத்து வாச்சர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாத்துக்கிடும் வாச்சர் அண்ணாச்சி. வெள்வேல் இது. இவன் நாக்கப் போயி நம்புதீரே, இவன் அப்பனுக்குக் காது அவிஞ்சிச்சு, இவனுக்கு நாக்கு அவிஞ்சிருக்கு."

பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வாச்சர் என் பிடரியில் ஒன்று வைத்து, "டாக்டராம், டாக்டரு" என்றார். அடி வலிக்கவில்லை. சிரிப்பு ஒரு வாரம் காதில் கிடந்தது.

அந்த வாரம் முடிகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பெண்கள் வரிசையாக வந்தார்கள். மூன்றாவதாக அக்கா. வாச்சர் அவளுடைய கட்டின் நடுவில் கையை விட்டு ஒரு கம்பை உருவி என்னிடம் தந்தார். கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது. முள் சீவிய தழும்புகள் இரண்டு வகையாக இருந்தன. பெரிய தழும்பு இரண்டு, சிறிய தழும்பு இரண்டு. மெல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் மென்றேன், எல்லோரும் பார்க்கிறார்களே என்று.

அக்கா என்னைப் பார்த்தாள். பயந்த முகம் இல்லை அது. வீட்டில் தண்ணீர் எடுத்துவா என்று சொல்லும்போது பார்ப்பாளே, அதே முகம். செபஸ்தி ஆச்சி பின்னால் நின்று, "என்னளா, டாக்டர் ரொம்ப நேரமாத் தின்னுதாரு. பசி போல" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வாச்சருக்குப் பயந்து சொன்னேன் என்று பல ஊர்களில், பல பேரிடம், குடித்திருந்த சமயங்களில் கதை சொல்லியிருக்கிறேன். பொய். சீமை உடை என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு மண்ணும் தெரிந்திருக்காது. மறுபடியும் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று அந்தப் பெண்கள் நினைத்துக்கொள்வார்களே, அது ஒன்றைத்தான் யோசித்தேன்.

"உடை" என்றேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "ரெண்டு நாளைக்கு முன்னால வெட்டுனது. தூருக்குப் பக்கத்துக் கொப்பு."

யாரும் சிரிக்கவில்லை.

வாச்சரே ஒரு கணம் தயங்கினார். "உங்க அக்காதானடா இது?" என்று கேட்டார். பிறகு, இவனே சொல்லும்போது நாம் விடுவதா என்று நினைத்தாரோ என்னவோ, வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த பச்சைக் கொப்புகளைக் கட்டச் சொன்னார். மற்ற பெண்களையே கட்ட வைத்து, அவர்களையே தூக்கி ஏற்றவும் வைத்தார். செபஸ்தி ஆச்சி மட்டும் தன் முந்தானையை மடித்து அக்காவின் தலையில் வைக்கப் போனாள், தட்டிவிட்டார்.

முன்னால் நான், நடுவில் அக்கா, பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாச்சர். ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்தி, "என்ன கம்புடா இது?" என்று கேட்பார். நான் "உடை" என்று சொல்ல வேண்டும். முதல் முனையில் என் குரல் நன்றாகத்தான் இருந்தது. கடைவாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "என்னவே இது, பெரிய வெள்ளி இன்னும் வரலயே, அதுக்குள்ள சிலுவைப் பாதையா?" என்று கேட்க, கடையே சிரித்தது. இரண்டு பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். நான்காவது முனையில் திரும்பிப் பார்த்தேன். வகிட்டிலிருந்து ரத்தம் இறங்கி மூக்குப் பக்கத்தில் காய்ந்திருந்தது. அவள் அழவில்லை. இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து, அளந்து அளந்து அடி வைத்தாள்.

துறைமுகச் சாலையைக் கடக்கும்போதுதான் கல் லாரி ஒன்று முதுகுக்குப் பின்னால் ஒலி எழுப்பியது. அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். கட்டு முன்னால் சரிந்தது. கீழே போட்டுவிட்டுத் துள்ளியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. போட்டால் கடவிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்று, சரிந்த கட்டை முகத்தாலேயே முட்டி நிறுத்தினாள்.

கண்ணில் ஏறிய அந்த முள்ளோடுதான் முதலாளி வீடு வரை போனாள். இன்னும் மூன்று முனைகள் இருந்தன. மூன்றிலும் நான் உடை என்று சொன்னேன்.

வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை. காது கேளாத அப்பாவுக்கு விவரம் சொல்ல, அம்மா ஒரு கையால் தன் இடது கண்ணைப் பொத்திக் காட்டி, மறு கையை என் பக்கம் நீட்டினாள். அவர் புரிந்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணைக் கூட்டிவந்து அக்காவின் கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சச் சொன்னாள் அம்மா. "தாய்ப்பாலுக்கு மிஞ்சின மருந்து ஏதுளா" என்று மூன்று நாள் அதையே செய்தார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, கண்ணுக்குள் ஒடிந்திருந்த நுனியை எடுத்தார்கள், கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

பாஸ்குக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் தாய் வந்தாள். கட்டு அவிழ்த்த முகத்தை நின்றபடியே பார்த்தாள். "எம் மவன் கடலுக்குப் போறவன். தோணி வருதான்னு பாத்து நிக்க ரெண்டு கண்ணு வேணும்லா" என்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நிச்சயத்துக்குத் தந்த சேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகுதான் வீட்டின் பின்புறம் பனையோலை போட்டு மூடிவைத்திருந்த விறகை அம்மா எனக்குக் காட்டினாள். அத்தனையும் உடை. கல்யாணச் சோறு பொங்குவதற்காக, புகையடிக்காத விறகாகத் தினம் ஒரு கம்பு என்று அக்கா சேர்த்தது. அந்த வருஷத்து மழைக்காலம் முழுக்க அதில்தான் எங்களுக்குக் கஞ்சி காய்ந்தது. நன்றாகத்தான் எரிந்தது.

அக்கா உப்பளத்துக்குப் போனாள். வெயிலில் உப்பு வெள்ளைக்கு இரண்டு கண்ணுமே கூசும். அவள் ஒன்றை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் வாரினாள். நான் ஆறாம் வகுப்போடு நின்று, கல் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரி ஒன்றில் ஏறிப் போனேன். புனலூர், சேலம், குண்டக்கல், பம்பாய் என்று செங்கல் சூளையிலும் ரயில் பாதையிலும் ஓட்டல் அடுப்படியிலும் கிடந்தேன். போன ஊரிலெல்லாம் பேர் தெரியாத மரங்கள் இருந்தன. தெரிந்துகொள்ள முயலவில்லை.

இப்போது அந்த உடங்காடு இல்லை. நிலக்கரிக் குவியலும், கன்டெய்னர் அடுக்கும், லாரி நிறுத்துமிடமுமாக இருக்கிறது. கடவு எந்த இடத்தில் இருந்தது என்று தேடினேன். இரண்டு முறை வெவ்வேறு இடத்தில் நின்று இதுதான் என்று நினைத்தேன். மிச்சமிருக்கும் தரையில் சீமை உடைதான். வாச்சர் செத்துப்போனார், செபஸ்தி ஆச்சி செத்துப்போனாள். கம்பை நீட்டி என்ன மரம் என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

அக்கா உப்பளச் சாலையில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். போன வருஷம் போயிருந்தேன். கேஸ் அடுப்பில் சோறு வடித்து, சாளை மீன் குழம்பு ஊற்றினாள். ஐம்பது வருஷமாகக் கேட்காததை, பாதிச் சாப்பாட்டில், எப்படியோ கேட்டுவிட்டேன். வெட்டக்கூடாதென்று தெரிந்தும், நான் கடவில் நிற்கிறேன் என்று தெரிந்தும், ஏன் வெட்டினாய் என்று.

அவள் குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்:

"செபஸ்தி ஆச்சி அப்பவே சொல்லத்தான் செஞ்சா, வேண்டாம்ளான்னு. நாந்தான் சொன்னேன், கடவுல கம்பு பாக்குதது எந்தம்பி, எனக்கு என்ன பயம்னு."

நான் அவளுடைய இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் தலையை முழுவதும் திருப்ப வேண்டும். திருப்பவில்லை.