ஆலியா சொன்ன ஆமாம்

பாலக்கரையில் வஹீதாவிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் இரண்டாவது தடவை அளவு கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை பார்த்தால் அவளுக்கு மறக்காது. கணவன் சேக் மைதீனுக்குப் பெரிய கடை வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். நாலு வருஷத்துக்கு முன்பு இது தொடங்கியபோது மூத்தவள் ஆலியாவுக்கு ஒன்பது வயது, சின்னவள் ஆஃப்ரினுக்கு நாலு.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஃப்ரினைக் குளிப்பாட்டும்போது அவள் தொடையிலும் கெண்டைக்காலிலும் நீலநீலமாகக் கன்றியிருப்பதை வஹீதா பார்த்தாள். முந்தின வாரமும் இரண்டு இருந்தன. விளையாட்டில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். இன்று எண்ணிப் பார்த்தால் ஏழு. அக்காவும் தங்கையும் ஒரே பாயில் படுப்பவர்கள். டிவி ரிமோட்டுக்காகத் தினமும் சண்டை. ஆலியாவைக் கூப்பிட்டாள்.

"இவளைக் கிள்ளினியா? தொடையில, கால்ல?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

"அல்லா மேல சத்தியமா இல்லம்மா."

சத்தியம் செய்ததில்தான் வஹீதாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடுப்படியிலிருந்து எடுத்துவந்த கரண்டிக் காம்பால் அடித்தாள். மூன்று அடி வரைக்கும் ஆலியா இல்லை என்றே அழுதாள். நாலாவது அடியில், "ஆமாம்மா, நான்தான் கிள்ளினேன், விட்டுடும்மா" என்றாள். தங்கையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னதும் கேட்டாள். ஆஃப்ரின் ஒன்றும் புரியாமல் அக்காவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

மூன்று நாளில் ஆஃப்ரினுக்குக் காய்ச்சல் வந்தது. பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து வடிந்த ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பரிசோதனைகளுக்குப் பிறகு டாக்டர் உமாமகேஸ்வரி கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"ரத்தப் புற்றுநோய்ம்மா. குழந்தைங்களுக்கு வர்ற வகை. பெரும்பாலும் குணமாயிடும். ஆனா ரெண்டரை வருஷம் வைத்தியம் பார்க்கணும். நடுவுல விடவே கூடாது."

வஹீதா கேட்டாள்.

"கால்ல அந்த நீலம் எதுனால டாக்டர்?"

"ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைஞ்சுடுச்சு. லேசா பட்டாலே கன்னிப்போகும். படாமலும் வரும்."

வஹீதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னவளை நினைத்து அழுகிறாள் என்று சேக் மைதீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஆலியாவை அடித்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை.

ஆலியாவின் வகுப்பில் அப்போது இரண்டு பேருக்கு அம்மை போட்டிருந்தது. அந்தத் தொற்று ஆஃப்ரினுக்கு வந்தால் ஆபத்து என்றார்கள். அன்று மாலையே வஹீதா ஆலியாவின் துணிகளைப் பையில் திணித்து, கே.கே. நகரில் இருக்கும் தன் தங்கை ஷாஜியா வீட்டுக்கு அனுப்பினாள். "கொஞ்ச நாள்தான்" என்றாள். பத்து மாதமானது.

அந்த மாதங்களில் வஹீதாவுக்கு வேறு எதற்கும் இடமில்லை. மாத்திரையால் ஆஃப்ரினின் முகம் பானையாக உப்பியது. காலையில் கண் விழித்ததும் சோறு கேட்டு அழுதாள். பிறகு எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாள். தலைமுடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் கிடந்தது. முதுகில் ஊசி போடும் நாட்களில் நடைபாதையிலேயே முரண்டு பிடித்து உட்கார்ந்துகொள்வாள். தட்டணுக்கள் தேவைப்பட்டபோதெல்லாம் சேக் மைதீனோடு வேலை பார்க்கும் ஸ்ரீதர் ஸ்ரீரங்கத்திலிருந்து ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். ஆலியாவோடு போனில் பேசுவது, சாப்பிட்டியா, படிச்சியா என்பதோடு முடிந்துவிடும். வீடியோவில் தங்கை முகம் தெரிந்தால் ஆலியா எழுந்து போய்விடுவாள். மொட்டைத்தலையைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்தார்கள்.

அக்டோபரில் ஷாஜியா போன் செய்தாள்.

"அக்கா, நீ நேர்ல வா. இவ தொழுதுட்டு உக்காந்து என்ன துஆ கேக்கறா தெரியுமா? என்னாலதான் ஆஃப்ரினுக்கு நோய் வந்துச்சு, என்னை மன்னிச்சிடுங்கறா. ஏன்டின்னா, கிள்ளிட்டேன்ங்கறா."

வஹீதா அடுத்த பஸ்ஸில் போனாள். ஆலியா ஒரு பிடி உயர்ந்திருந்தாள். சுடிதார் கணுக்காலுக்கு மேலே நின்றது.

"நீ கிள்ளவே இல்ல ஆலியா. அடி தாங்காம சொன்ன. தப்பு அம்மா மேல."

"இல்லம்மா, கிள்ளினேன். ஞாபகம் இருக்கு."

"எங்க கிள்ளின?"

"தொடையில. அப்புறம் கால்ல."

அன்று வஹீதா கேட்ட கேள்வியின் வார்த்தைகளே பதிலாகத் திரும்பி வந்தன. அவள் பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லம்மா" என்றாள் ஆலியா, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல.

மறுநாள் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, எலும்புக்குள் ரத்தம் ஊறுவதைப் படம் வரைந்து காட்டினார். "நாள் முழுக்கக் கிள்ளினாலும் இந்த நோய் வராதுடா. யாராலயும் வரவைக்க முடியாது."

"சரிங்க டாக்டர்."

திரும்பும் பஸ்ஸில் ஆலியா கேட்டாள்.

"நெஜமாவே நான் கிள்ளலையாம்மா?"

"நெஜமா."

"அப்ப எனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?"



தொற்று பயம் குறைந்ததும், டிசம்பரில் ஆலியா வீட்டுக்கு வந்துவிட்டாள். தனிப் பாய் கேட்டாள், கொடுத்தார்கள். ஆஃப்ரினின் வைத்தியம் ரெண்டரை வருஷத்தில் முடிந்தது. இப்போது மூன்றாம் வகுப்பு. முடி முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்து, ரெட்டைச் சடை போடுகிறாள். வாய்த்துடுக்கு அதிகம். பார்க்கிறவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள். வஹீதாவும் சொல்கிறாள்.

ஆலியாவுக்குப் பதின்மூன்று. நன்றாகப் படிக்கிறாள். ஆனால் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தாலும், யாரும் கேட்பதற்கு முன் "நான்தான்மா" என்கிறாள். ஒருமுறை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகிடந்தது. அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்றவள், "நான்தான்" என்றாள். சேக் மைதீன் சிரித்தான். அன்றுதான் வஹீதா அந்த ஞாயிற்றுக்கிழமையை அவனிடம் சொன்னாள். அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அவகிட்ட இனிமே யாரு செஞ்சதுன்னு எதையும் கேக்காத" என்றான்.

போன மாதப் பரிசோதனைக்கு நாலு பேரும் போனார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். ஆஃப்ரின் கதவுக்கு ஓடிவிட்டாள். ஆலியா ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்கள். "வாம்மா" என்று வஹீதா இரண்டு தடவை சொன்னாள். ஆலியா கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் எழுந்தாள்.