வியாழக்கிழமை விலாசம்

உத்தமனின் ஆபீஸ் ஈஜிபுராவில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. வள்ளியம்மாவின் மெஸ்ஸிலிருந்து யார் வீட்டுக்குச் சாப்பாட்டு டப்பா போக வேண்டும் என்று சொல்லும் ஆப், உத்தமனும் நண்பன் டிரேவரும் சேர்ந்து செய்தது. பக்கத்து விவேக் நகரில் வெயில் காய்ந்த டிரேவர் இப்போது மெல்போர்னில் குளிரில் நடுங்குகிறான்.

ஆப் தொடங்கிய நாளில் இருவரும் கிளவுடில் ஒரு நோ-சீக்வல் டேட்டாபேஸை வாடகைக்கு எடுத்தார்கள். கஸ்டமர் விவரங்களுக்கு ஆளுக்கொரு பை மாதிரி. எதை வேண்டுமானாலும் திணிக்கலாம். டிரேவர் திணித்தான். ஒருவருக்கு, ‘கதவைத் தட்டாதே, நாய் தூங்கும்.’ இன்னொருவருக்கு, ‘மாமியார் வந்திருந்தால் காரம் குறை.’ உத்தமன் சும்மா இருப்பாரா? டிரேவரின் பையில் ‘பாகற்காய் என்றால் உயிர்’ என்று போட்டுவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க டிரேவர் டப்பாவைத் திறப்பான், பாகற்காயைப் பார்ப்பான், கூரையைப் பார்ப்பான், பிறகு தின்பான். உத்தமன் மேஜைக்கடியில் குனிந்து சிரிப்பார். அதை அழிக்க டிரேவருக்கு ஒரு நொடி போதும். ஏனோ அழிக்கவே இல்லை.

பைகளால் தொல்லையும் இருந்தது. ஒரே ஆள் இரண்டு பையில் இருப்பார். இரண்டு டப்பா போகும்.

"ரிலேஷனலுக்குப் போயிடலாம் சார். கட்டம் போட்ட டேபிள்ல ஆளுக்கு ஒரு வரி, ஒரு அட்ரஸ். நீட்டா இருக்கும்" என்றாள் புதிதாகச் சேர்ந்த வைஷ்ணவி.

நியாயம்தான். ஆனால் கட்டத்தில் அடங்காததெல்லாம் போய்விடும். டிரேவர் எழுதியதும் போகும். அதை இழக்க உத்தமனுக்கு மனமில்லை. இருந்தாலும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்.

அது வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோயிலில் கூட்டம் நெரியும் நாள். தையல்காரி சிந்தியாவும் அக்கம்பக்கத்தாரும் அன்றைக்குக் கோயில் வாசலில் மெழுகுவத்திக் கடை போடுவார்கள். அவர்கள் பையில் டிரேவர் ‘வியாழன்: கோயில் வாசல்’ என்று எழுதியிருந்தான். புது டேபிளில் விலாசத்துக்கு ஒரே கட்டம். டப்பாக்கள் பூட்டிய வீடுகளின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டன.

மத்தியானம் வள்ளியம்மா போனில் கத்தினாள்: "ஏன்பா உத்தமா, பூட்டுக்கு எதுக்குப்பா சோறு? சிந்தியா பசியில என்னைத் திட்றா!"

உத்தமனும் வைஷ்ணவியும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் டப்பாக்களைப் பொறுக்கிக் கோயில் வாசலுக்கு ஓடினார்கள். சிந்தியா இடுப்பில் கை வைத்து நின்றாள். "டிரேவர் இருந்தா இப்பிடி ஆவுமா? அவன் போனான், உங்க ஆபீஸும் கலாஸ்!"

திரும்பும் வழியில் வைஷ்ணவி, "கிழமைக்கு ஒரு அட்ரஸ்னு தனி டேபிள் போட்டுடறேன் சார்" என்றாள்.

"நாய்க்கு?"

"அதுக்கு ஒண்ணு..."

"மாமியாருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போங்க சார்! ஒவ்வொரு வரியிலயும் கடைசியா ஒரு கட்டத்தைச் சும்மா விட்டுடறேன். ரிலேஷனல்லயே அப்படி வைக்கலாம். அதுல என்னத்தை வேணா திணிச்சுக்கோங்க."

மறுநாள் பைகளை ஒவ்வொன்றாக மாற்றும்போது டிரேவரின் முறை வந்தது.

"இவரு இப்போ கஸ்டமரே இல்லியே சார். தூக்கிடலாமா?"

உத்தமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆளைத் தூக்கிட்டா பாகற்காய்க்கு யாரும்மா பொறுப்பு? அப்படியே கொண்டு வா."

அடுத்த வியாழன் டப்பாக்கள் ஒழுங்காகக் கோயில் வாசலுக்குப் போயின. கடைசிக் கட்டத்தில் பாகற்காயோடு இருந்த டிரேவரின் புது வரியை உத்தமன் படம் பிடித்து மெல்போர்னுக்கு அனுப்பினார். பதில் வந்தது:

"மேஜைக்கடியில நீ சிரிக்கறது எனக்குக் கேக்கலைன்னா நெனச்சே? அதுக்குத்தானேடா தின்னேன்."