வண்டிக்கு ஒரு மூக்குத்துணி

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. சாந்தன்பாறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற பிக்கப் வண்டியின் இடப்பக்கக் கதவைத் திறந்து, இருக்கைக்கு முன்னால் உள்ள பெட்டியைக் காலி செய்யத் தொடங்கினேன். வண்டியின் காகிதங்கள், ஒரு டார்ச், அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி, பல் உடைந்த சீப்பு, அந்தோணியார் படம் எல்லாவற்றையும் இருக்கையின்மேல் எடுத்து வைத்தேன். இந்தப் பெட்டிக்குப் பின்னால், வெளியிலிருந்து உள்ளே வரும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் நோக்கம்.

காரணம், அம்மா. அவர் அந்த வண்டியில் ஏறி மாதங்கள் ஆகியிருந்தன. ஏறிக் கதவை அடைத்த சற்று நேரத்தில் அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம் என்றால், சாலையின் இருபுறமும் ஏலக்காய்த் தோட்டங்கள். ஏதாவது ஒன்றில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் போடியில் சித்தியின் புது வீட்டை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வருகிறார். சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. தான் பேருந்தில் வருவதாக அம்மா சொல்லிவிட்டார். அப்படியென்றால் தான் வரவே போவதில்லை என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

“சொந்த வண்டி வச்சிருக்கவன் பொண்டாட்டி பஸ்ஸுல வந்து எறங்குனா, ஒன் தங்கச்சி மாப்பிள்ள என்ன நெனைப்பாரு?”

“எனக்கு இழுப்புன்னு நெனைப்பாரு. வேற என்ன நெனைப்பாரு?”

வெள்ளிக்கிழமை மாலை இந்த உரையாடலுக்குப் பிறகு இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. அம்மா தன் வண்டியைப் பழிக்கிறார் என்பது அப்பாவின் எண்ணம். தன் மூச்சை அவர் பொருட்படுத்தவில்லை என்பது அம்மாவின் எண்ணம்.

நான் பாலக்காட்டில் தமிழ் முதுகலை படிக்கிறேன். வார இறுதிக்கு வந்திருந்தேன். என் விடுதித் தோழிக்கு ஊர் எருத்தேன்பதி. அவள் வீட்டில் தேங்காய் ஏற்றும் வண்டி உண்டு. தொலைபேசியில் அவளிடம் இதைச் சொன்னபோது, “அது மருந்து வாடையா இருக்காது புள்ள” என்றாள். “எங்க ஊட்டு வண்டியிலயும் இதே ரோதனைதான். டேஷ்போர்டுக்குப் பொறகால ஒரு ஃபில்டர் இருக்கும், அதக் கழட்டிப் பாரு. எங்கண்ணன் கழட்டுனப்ப உள்ளார பாதித் தோப்பே இருந்துச்சு.”

அப்பா முற்றத்தின் மறுகோடியில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாப்பா, வண்டிய விக்கப் போறியா?”

“ஃபில்டர் இருக்கான்னு பாக்குறேம்ப்பா.”

“ஏர் ஃபில்டர் போன மாசந்தான மாத்துனேன்.”

“அது இன்ஜினுக்கு. இது உள்ள உக்காந்திருக்கவங்களுக்கு.”

அவர் கை நின்றது. “அங்கல்லாம் கைய வைக்காத. ஒடச்சிருவ” என்றார். வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சொன்னார் என்று தோன்றியது. ஓட்டுநர்களுக்கே உரிய பதற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்புகள் விலகி, பெட்டி முழுவதுமாகக் கீழே தொங்கும். அதற்குப் பின்னால், ஒடுங்கி நீண்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது. அதன் இரு முனைகளிலும் கொக்கிகள். ஒன்று ஏற்கெனவே உடைந்திருந்தது. எனக்கு முன்பே யாரோ திறந்திருக்கிறார்கள். மூடியை இழுத்ததும் வந்த வாடை மருந்துடையது அன்று. மழைக்காலத்தில் அடுக்கின் அடியில் மறந்துபோன துணியின் வாடை அது.

உள்ளே ஃபில்டர் இல்லை. கறுத்து ஈரம் ஊறிய ஒரு பொருள் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்தது. முதலில் எலிக்கூடு என்று நினைத்தேன். வெளியே எடுத்தபோது, நான்காக மடித்த பருத்தித் துணி. மடிப்புகளுக்குள் உடைத்த ஏலக்காய்கள், பஞ்சுபோல் பூஞ்சை பூத்து. ஓரத்தில் மட்டும் நீல நிறமும், மெல்லிய மஞ்சள் கரையும் தெரிந்தன.

கை கழுவ வந்த அம்மா அருகில் வந்து பார்த்தார்.

“இது என் சேலைல்லா?”

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“வண்டி தொடைக்க எடுத்தீங்களான்னு அன்னைக்கே கேட்டேனே. இல்லவே இல்லன்னு சாதிச்சீங்க.”

“தொடைக்க எடுக்கல” என்றார் அப்பா. தார்ப்பாயைக் கீழே வைத்தார். “மருந்தடிக்கிறப்ப நீங்க மூக்குல துணி கட்டுறீங்கள்ல? அதத்தான் வண்டிக்கும் கட்டுனேன். நீ உக்கார்ற பக்கமாச்சேன்னு.”

இதை விளக்க வேண்டும். அம்மா தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். பக்கத்துக் காட்டில் மருந்தடிக்கும் நாள்களில் எல்லாப் பெண்களும் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, இரண்டாக மடித்து, மூக்கை மூடிக் கட்டிக்கொள்வார்கள். சிலர் வாடைக்கு மாற்றாக மடிப்புக்குள் ஒரு ஏலக்காயைத் தட்டி வைத்துக்கொள்வதும் உண்டு. மாலையில் எங்கள் வரிசை வீடுகளின் கொடிகளில் இந்தத் துணிகள்தாம் முதலில் தொங்கும். அப்பா அவ்வழக்கத்தை அப்படியே வண்டிக்குச் செய்திருந்தார்; ஏலக்காய் உட்பட. ஆனி மாதம் சாரல் தொடங்குவதற்கு முன்னால் செய்ததாகப் பின்னர் சொன்னார். அதன்பின் பெய்த மழையெல்லாம் காற்று நுழையும் வழியாகக் கசிந்து அந்தத் துணியில் தங்கியிருக்கிறது.

அம்மா துணியின் ஒரு முனையை இரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“நாங்க கட்டுற துணிய அன்னன்னைக்கு அலசிக் காயப்போடுவோம்” என்றார். “வண்டிக்குக் கட்டுன ஆளு அலசுனாராக்கும்?”

அப்பா தலையைச் சொறிந்தார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது இதுதான் முதல்முறை.

“சொல்லியிருந்தா நானாவது அலசியிருப்பேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சற்று நேரம் கழித்து அப்பா என்னிடம் கேட்டார்: “நீ சொல்ற சாமான் பூப்பாறையில கெடைக்குமா?”

பூப்பாறையில் அப்பா உதிரிபாகம் வாங்கும் கடைக்காரர், வண்டியின் மாடலைக் கேட்டதுமே இல்லையென்று தலையசைத்தார். “இதுல ஃபில்டர் வராது மோளே. கம்பெனிக்காரன் எடத்த மட்டும் விட்டிருப்பான். மேல் மாடலோடது சேரும், அளவு கொண்டு வந்தியா?” பள்ளத்தின் நீள அகலத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். சேர்ந்தது. “ஆமா, ஏலக்கா ஏத்துற வண்டிக்கு வாசனைக்கு என்ன கொறச்சல்?” என்று அவர் கேட்டார்.

“வாசனை கூடிப்போச்சு” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து பள்ளத்தை முதலில் ஈரத்துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடைத்தோம். கதவுகளைத் திறந்து வண்டியை வெயிலில் நிறுத்தி, உள்காற்று விசிறியை ஓடவிட்டோம். ஃபில்டர் மடிப்பு மடிப்பான வெள்ளைத் தாள்போல் இருந்தது. அதன் விளிம்பில் ஓர் அம்புக்குறி. காற்று போகும் திசையை அது காட்ட வேண்டும். அம்பு மேல்நோக்கியிருக்க வேண்டும் என்றார் அப்பா. எனக்குச் சந்தேகம். செய்தித்தாளிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து, விசிறி ஓடும்போது பள்ளத்துக்குள் நீட்டிப் பிடித்தேன். கீற்று கீழ்நோக்கி வளைந்தது.

“கீழ” என்றேன்.

“காத்து மேலருந்துல்ல வருது. சரி, போடு” என்றார்.

கடைசி விரலளவு இடத்தில் ஃபில்டர் சற்று முரண்டு பிடித்தது. அப்பா அதன் நடுவை விட்டு விளிம்பை மட்டும் பெருவிரலால் மெல்ல அழுத்தி உள்ளே அனுப்பினார். மூடியின் உடைந்த கொக்கிக்குப் பதிலாக மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டினார். பெட்டியை ஏற்றிப் பொருத்தி, எடுத்த பொருள்களைத் திரும்ப வைத்தேன்.

பூஞ்சைதான் அம்மாவின் இழுப்புக்குக் காரணம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மருத்துவர் அவரிடம் ஈரமும் தூசியும் ஆகாது என்று சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சோதித்துப் பார்க்கும் வழியை அம்மாவே தீர்மானித்தார். சாயங்காலம், வழக்கமாக வீட்டுக்குள் சொல்லும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். மூச்சுக்கு உறிஞ்சும் மருந்தை மடியில் வைத்துக்கொண்டார். கதவை அடைத்தார். கண்ணாடியை ஏற்றினார். விசிறியைப் போடும்படி எனக்குச் சைகை காட்டினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பி, விசிறியைப் போட்டுவிட்டு இறங்கி, அந்தக் கதவையும் அடைத்தேன்.

அம்மா ஜெபத்தை எப்போதும் உரக்கச் சொல்வார். மூடிய கண்ணாடிக்கு வெளியேயும் அது கேட்டது. அப்பா பின்சக்கரத்தின் அருகே குந்தி, காற்று இறங்காத டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமாலையின் முதல் பத்து மணிகளைச் சொல்லும்போது அம்மா ஒருமுறை இருமினார். அப்பா எழுந்தார். குரல் தொடர்ந்தது. அவர் மறுபடியும் குந்தினார். கடைசியான ஐந்தாம் பத்து முடியும்வரை குரல் எங்கும் அறுபடவில்லை.

அம்மா கதவைத் திறந்தபோது மடியிலிருந்த மருந்து மூடி திறக்காமலே இருந்தது. அப்பா டயரிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?” என்று அம்மா அவரிடம் கேட்டார்.

“ஆறரைக்குக் கெளம்புனா சரியா இருக்கும்.”

“மந்திரிக்கிறது பத்து மணிக்குத்தான.”

“மெட்டு மலைப்பாதையில எறக்கம். மெதுவா போலாம்.”

வண்டியில் இரண்டே இருக்கைகள். அது அப்போதுதான் மூவருக்கும் நினைவுக்கு வந்தது. “நீ பின்னால மூட்டையோட மூட்டையா உக்காந்துக்க பாப்பா, எட போட்டு எறக்கிருதேன்” என்றார் அப்பா. அம்மா சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை அவர்கள் புறப்பட்டபோது மேகம் இறங்கியிருந்தது. அம்மா பட்டுச்சேலை கட்டி, தன் பக்கக் கண்ணாடியை முழுவதும் ஏற்றிக்கொண்டு, தட்டுக்குள் வைத்த மெழுகுவர்த்திகளை மடியில் பிடித்திருந்தார். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் நான் கொல்லைக்குப் போனேன். அந்த நீலத் துணியை எறிந்துவிடும்படி அம்மா சொல்லியிருந்தார். பூஞ்சையைச் சுரண்டி, சோப்பு போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசிக் கொடியில் போட்டேன். பிறகு சேலை மாற்றிக்கொண்டு, போடிக்குப் பேருந்து ஏறினேன்.